எதுவும் கேட்காத வீடு

அந்த ஆடி மாதத்திலிருந்து ஜாஸ்மினுக்கு இரண்டு ஊர் இருந்தது. உடம்பு ஆம்பூரில் இருந்தது. பால் காய்ச்சுவது, மோட்டார் போடுவது, மாடியில் துணி உலர்த்துவது எல்லாம் இங்கேதான் நடந்தன. மனசு மட்டும் தைவான் தீவில் தைனான் என்கிற ஊரில் இருந்தது. அந்த ஊருக்கு அவள் போனதே இல்லை. ஆனாலும் அங்கே நாலைந்து அறைகளில் குடியிருந்து காலி செய்துவிட்டாள்.

குடியிருந்தது போனில்தான். அறை வாடகைக்கு விடுகிறவர்கள் போட்டிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவாள். ஒன்று பிடித்துவிட்டால் போனை மூடி வைத்த பிறகும் அந்த அறையை விட்டு வெளியே வரமாட்டாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அங்கே கட்டிலை இழுத்துச் சுவரோரம் போடுவாள். ஜன்னலைத் திறந்து தெருவில் யார் போகிறார்கள் என்று பார்ப்பாள். நடுவில் எவ்வளவு தரை கிடைக்கிறது என்று மெதுவாக நடந்து பார்ப்பாள். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தால்தான் ஆம்பூருக்குத் திரும்புவாள். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழாமல் இத்தனை தடவை வெளிநாடு போய் வந்தவள் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

நாற்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். காரணம் இருந்தது. ஜாஸ்மின் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தையல் செக்ஷனில் வேலை பார்த்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் குனிந்த தலை நிமிராத பெண் என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். மிஷின் அதை நிஜமாகவே ஆக்கிவிட்டது. கழுத்து ஊசியைப் பார்த்தபடியே நின்றுபோனது. வலது தோள் இறுகிப்போய், தலை சீவக்கூடக் கை மேலே போகாது. சர்ச்சில் எல்லாரும் இரண்டு கையையும் உயர்த்திப் பாடும்போது இவள் ஒரு கையை மட்டும் உயர்த்திக்கொண்டு, ஏதோ சந்தேகம் கேட்கிறவள் போல நிற்பாள். எண்ணெய், ஊசி, கரண்ட் வைப்பது என்று எல்லா வைத்தியமும் பார்த்தாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் புது ரக ஷூவுக்கு லைன் அமைத்துக் கொடுக்க, தைவானிலிருந்து லீஹுவா என்ற டெக்னீஷியன் வந்தாள். அவளுக்கும் ஜாஸ்மின் வயதுதான் இருக்கும். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால், கம்பெனியின் பின்பக்கம் லாரி வந்து நிற்கிற இடத்தில் தனியாக நின்று கையையும் காலையும் மெதுவாக அசைத்துக்கொண்டிருப்பாள். சண்டையும் இல்லை, டான்ஸும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவர்கள் கையை நகர்த்துவார்களே, அந்த நிதானம். தாய்ச்சி என்று பெயர் சொன்னாள். ஜாஸ்மின் ஒருநாள் பக்கத்தில் போய் நின்றாள். லீஹுவா சொல்லித் தரவும் இல்லை, போ என்று விரட்டவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான்.

பக்கத்து மிஷின் வஜீதாவுக்கு அது நல்ல தமாஷாக இருந்தது. "இன்னாடி, காத்துக்குப் பிசின் தடவுறியா?" என்பாள். தடவட்டும் என்று ஜாஸ்மின் விடாமல் நின்றாள். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்தால் அவளுடைய இரண்டு கையும் மேலே இருந்தன. அன்றைக்கு அவள் தேம்பி அழுததைப் பாஸ்டர் தன் பிரசங்கத்துக்குக் கிடைத்த பலன் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆனால் லீஹுவாவுக்கே அந்தப் பயிற்சியில் பாதிதான் தெரியும். வேலைக்காக நாடு நாடாகப் போனவள் அவள். மீதிப் பாதி தைனானில் என் ஆசிரியையிடமே இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். பிறகு அவளை வியட்நாமில் இன்னொரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் இங்கே தையல் செக்ஷனையே மூடி, ஜாஸ்மினையும் வஜீதாவையும் இன்னும் பலரையும் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகு ஜாஸ்மின் விடியற்காலையில் பாலாற்றுக்குப் போனாள். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் லாபம் அடைந்த ஒரே நல்ல ஆத்மா அவளாகத்தான் இருக்கும். அகலமாகக் கிடக்கும் மணலில் நின்று ஆரம்பிப்பாள். பாலத்து மேலே லாரிகள் போவது கேட்கும், பிறகு கேட்காது. கை தானாக எழும்பும், இறங்கும், திரும்பும். ஓரிடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் விரிந்திருக்கும், எடை முழுதும் இடது காலில் இருக்கும், அதற்கு மேல் எங்கே போவது என்று உடம்புக்குத் தெரியாது. லீஹுவாவின் பாதி அங்கே முடிகிறது. அப்படியே நின்றுகொண்டிருப்பாள். கிழக்கே மலை மேல் வெயில் ஏறும். அடுத்த அசைவு எங்கேயோ ஒரு ஊரில் இருக்கிறது, யாரோ ஒருத்தி உடம்பில் இருக்கிறது என்ற நினைப்பு, அவளுக்குப் பசி மாதிரி வந்தது. தனக்கு, தனக்கு மட்டும் என்று அவள் இதற்கு முன்னால் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டாள்.

லீஹுவா வியட்நாமிலிருந்தபடியே ஆசிரியையிடம் பேசினாள். அந்த அம்மாள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியூர்க்காரர்களைச் சேர்ப்பார். அக்டோபர் கடைசியில் தொடங்கி மூன்று மாதம். ஒரு பழைய கோயில் வாசலில், வெளிச்சம் வருவதற்கு முன்னால் வகுப்பு. அந்த நேரத்தில் பஸ் ஓடாது. அதனால் நடந்து வருகிற தூரத்தில் தங்குகிறவர்களைத்தான் எடுப்பார். விசாவுக்கும் தங்குகிற விலாசம் கேட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் விலாசத்தைச் சொன்னால் ஜாஸ்மினுக்கு இடம், இல்லையென்றால் வேறு யாருக்காவது. ஆக, எல்லாம் ஒரு அறையில் வந்து நின்றது.

இன்பராஜ், அவள் வீட்டுக்காரன், வேறொரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருந்தான். நல்ல மனிதன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாப்போம்" என்றான். பொண்டாட்டி தனியாக வெளிநாடு போகிறாளாமே என்று கம்பெனியில் நாலு பேர் கேட்டது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் தான் சின்ன மனிதனாகிவிடுவோம் என்று பயந்து சொல்லாமல் வைத்திருந்தான். ஓசூரில் வேலையாக இருந்த மகள் மட்டும் போய்ட்டு வாம்மா என்றாள்.

அப்படித்தான் அறைகள் ஆரம்பித்தன. முதலில் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேலே இருந்த அறை. அதில் ஜாஸ்மின் ஒரு வாரம் வாழ்ந்தாள். கீழேயிருந்து ஆவி வந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்தது. அவள் விரலால் கண்ணாடியில் கோலம் போட்டாள். ஆனால் தரை குறுகல், கையை விரித்தால் பீரோவில் இடித்தது. அந்த அறையைக் காலி செய்தாள். அடுத்தது கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து தங்குகிற வீடு. அங்கே யாரோ கிடார் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொன்றில் கடல் தெரிந்தது. அதில் இரண்டு நாள் கூட இருக்க முடியவில்லை, கோயிலிலிருந்து வெகுதூரம் என்று லீஹுவா சொல்லிவிட்டாள். கடலை விட்டு வருவது அவளுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பார்க்காத கடலுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டு ரசம் தாளித்தாள்.

கனவு காண்பதில் அவளுக்குக் கெட்டிக்காரத்தனம் இருந்தது போலவே, வாடகை வீடு தேடுவதிலும் இருந்தது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

நம் பக்கத்தில் வீடு கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும். டு-லெட் போர்டைப் பார்த்துக் கதவைத் தட்டினால், வீட்டுக்காரம்மா சாவியோடு வரமாட்டாள், கேள்வியோடுதான் வருவாள். எந்த ஊரு, எத்தினி பேரு, எங்க வேலை, லெதரா, துணியில வாசனை வருமே, கறி ஆக்குவீங்களா, இன்னா கறி. எல்லாவற்றுக்கும் நடுவில், போகிற போக்கில் கேட்பது மாதிரி ஒன்று வரும்: இப்ப எந்தத் தெருவுல இருக்கீங்க. அந்த ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்றதுக்கெல்லாம் சொன்ன மாதிரி. தெருப் பெயரிலேயே சாதி வந்துவிடும். ஜாஸ்மின் என்ற பெயரையும் சேர்த்தால் கணக்கு முடிந்தது.

ஜாஸ்மின் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தாள். கேட்கிறவர்கள் பரவாயில்லை. கேட்டு, முகத்தைச் சுளித்து, அட்வான்ஸை ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆக்கிக்கோ என்று சட்டம் போட்டு, கடைசியில் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். கேட்காதவர்கள்தான் கொடுக்காதவர்கள். வேலூரில் இன்பராஜுக்கு ஒரு வருஷம் வேலை இருந்தபோது அப்படி ஒரு வீடு. அந்த அம்மாள் காப்பி கொடுத்தாள். ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கொய்யா மரத்தைக்கூடக் காட்டினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு தங்கமானவர்கள் என்று இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள், கட்டில் எங்கே போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டார்கள். சொல்லி அனுப்புகிறேன் என்றவள் சொல்லி அனுப்பவே இல்லை. வாசலிலேயே இவர்களைப் பார்த்து முடிவு கட்டிவிட்டாள், பிறகு கேள்வி எதற்கு? அந்த போர்டு மாதக்கணக்கில் அங்கேயே தொங்கியது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இன்பராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஆகவே தைனானுக்கும் ஜாஸ்மின் பதில்களோடுதான் தயாரானாள். மொழிபெயர்க்கிற ஆப்பில் ஒவ்வொன்றாகத் தமிழில் பேசி, அது சீனத்தில் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொண்டாள். இந்த ஊர், இந்தத் தெரு, இந்த மதம், இந்தச் சாப்பாடு, ஒருத்திதான். கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் லீஹுவா ஒரு நம்பர் அனுப்பினாள். ஆசிரியையின் பக்கத்துத் தெருவில் சென் என்ற அம்மாள், மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. ஜாஸ்மின் தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டாள். அறுபது வயதைத் தாண்டிய, முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு முகம் வந்தது. வணக்கம் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறியது.

அந்த அறையை ஜாஸ்மின் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். பின்பக்க அறை. மரத் தரை, பழசு, நடுவில் மட்டும் நடந்து நடந்து வெளுத்திருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, மீதியெல்லாம் வெறும் இடம். ஜன்னலுக்கு வெளியே மாமரம். தைவானில் மாமரமா என்று அவள் வாயைப் பிளந்தாள். சென் அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் போனைத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்தாள். அறை முழுதும் படுத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி தெரிந்தது. இலை நிழல் தரையில் போய் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் செருப்பில்லாத காலோடு நடுவில் வந்து நின்று, கையை இரண்டு பக்கமும் விரித்து, ஒரு சுற்று மெதுவாகத் திரும்பிக் காட்டினாள். எங்கேயும் இடிக்கவில்லை.

ஜாஸ்மின் காத்திருந்தாள். பதில்களெல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன. சென் அம்மாள் போனைக் கையில் எடுத்தாள், அரைகுறை இங்கிலீஷில் வாடகையைச் சொன்னாள், முடிவு செய்ததும் தகவல் சொல்லுங்கள் என்றாள். தலை குனிந்து வணங்கினாள். திரை இருண்டுவிட்டது.

ஒரு கேள்வி இல்லை. எந்த ஊர் என்றுகூட இல்லை.

ஜாஸ்மின் புடவையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலூர் வீட்டின் காப்பி வாசனை அவளுக்கு மூக்கில் அடித்தது. இவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போனாலும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்களே என்று நினைத்தபோது அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை, வெறும் அசதி வந்தது. மறுநாள் வஜீதா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். வஜீதாவுக்கும் வாடகை வீட்டு அனுபவம் குறைவில்லை. அவளுடைய பெயரைக் கேட்டதும் நேற்றுத்தான் வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொன்ன வீடுகளை அவள் விரல் விட்டு எண்ணியதே கிடையாது, விரல் போதாது. முழுக்கதையும் கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்வி கேட்டாள்.

"ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒண்ணுமே."

"அப்ப முடிஞ்சிது தோஸ்த். விடு, பேஜார் பண்ணிக்காத."

ஜாஸ்மின் விட்டாள். சென் அம்மாளுக்குத் தகவல் எதுவும் அனுப்பவில்லை. மறுக்கிறவர்களுக்கு மறுக்கிற சிரமத்தை ஏன் கொடுப்பது என்பது அவள் மரியாதை. ஆனால் அறை அவளை விடவில்லை. மற்ற அறைகளுக்குள் இவளாகப் போனாள், இந்த அறை தானாக வந்தது. ஆற்று மணலில் கை விரித்து நிற்கும்போது காலடியில் மரத்தரை வந்தது. கண்ணை மூடினால் மாவிலை நிழல் பாதத்தின் மேல் ஊர்ந்தது. அரிசி களைகிற தண்ணீரில் கூட அந்த நிழல் ஆடியது. கொடுக்காத வீட்டில் இப்படிப் போய்க் குடியிருப்பது திருட்டு மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

செப்டம்பர் பாதி போய்விட்டது. அப்போதுதான் சர்ச்சில் யாரோ மூலமாக ஒரு குடும்பம் கிடைத்தது. பையனுக்கு நெமிலிப் பக்கம் சொந்த ஊர், தைனானில் ஒரு பெரிய கம்பெனியில் இன்ஜினியர், அவன் மனைவியும் அப்படியே. கைக்குழந்தை இருக்கிறது. அந்தப் பெண் போனில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். எந்த ஊர் ஆன்ட்டி, எந்தத் தெரு ஆன்ட்டி, எந்தச் சர்ச், ஞானஸ்நானம் எடுத்தீங்களா, அங்கிள் சம்மதிச்சாங்களா, இட்லிக்கு எவ்வளவு உளுந்து போடுவீங்க. வரிசையாக நின்ற பதில்களையெல்லாம் ஜாஸ்மின் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். எல்லாமே அந்தப் பெண்ணுக்குச் சரியாக இருந்தது, அவளும் அதே மாதிரித் தெருவிலிருந்து போனவள்தான். வாடகையெல்லாம் வேண்டாம் என்றாள். "கொழந்தைய கொஞ்சம் பாத்துக்கிட்டா போதும் ஆன்ட்டி. நாங்க காலைல இருட்டோட கிளம்பிடுவோம்" என்றாள். கோயில் அங்கேயிருந்து வெகுதூரம், வகுப்பும் அதே இருட்டு நேரத்தில்தான் என்று ஜாஸ்மின் இழுத்தபோது, அந்தப் பயிற்சியெல்லாம் யூட்யூபிலேயே இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னாள்.

இன்பராஜ் முகம் தெளிந்துவிட்டது. நம்ம ஆளுங்க, நம்ம பாஷை, ஒரு தலைவலி என்றாலும் பார்த்துக்கொள்வார்கள் என்று சந்தோஷப்பட்டான். கம்பெனியில் நாலு பேருக்குச் சொல்ல அவனுக்கும் ஒரு விலாசம் கிடைத்தது. ஜாஸ்மின் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சொல்வதாகப் பேச்சு. வகுப்பு கிடைக்காவிட்டால் என்ன, ஒரு நாளாவது அந்தக் கோயில் வாசலுக்குப் போய்த் தள்ளி நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். பழக்கப்படி அந்த வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தாள். அங்கேயும் வெண்டைக்காய்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லீஹுவா கூப்பிட்டாள். இருவரும் பேசிக்கொள்வது கம்பெனி இங்கிலீஷ். கை, ஊசி, லேட், ரிஜெக்ட், ஓகே என்று அதில் இருக்கும் வார்த்தைகளே சொற்பம். லீஹுவா கோபமாக இருந்தாள். சென் அம்மாள் அறையைத் துடைத்து, ஜன்னல் கொசுவலையை மாற்றி, வந்து கேட்ட ஒரு மாணவியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாராம். இந்தியாக்காரம்மாவுக்கு என் அறை பிடிக்கவில்லை போலிருக்கிறது, மரத்தரை பழசு என்று நினைத்திருப்பார்கள் என்று வருத்தப்பட்டாராம்.

அவர்களுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை என்றாள் ஜாஸ்மின். யார் சொன்னது என்றாள் லீஹுவா. யாரும் சொல்லவில்லை, அந்த அம்மாள் எதையும் கேட்கவில்லையே என்றாள் ஜாஸ்மின். பிறகு லீஹுவா, நிஜமாகவே தெரியாமல், என்ன கேட்டிருக்க வேண்டும் என்று கேட்டாள்.

ஜாஸ்மின் சொல்லிப் பார்த்தாள். கறி என்றாள். சர்ச் என்றாள். கம்பெனி இங்கிலீஷில் அதற்கு மேல் வழியில்லை. கடைசியில், தெரு, என் தெருவின் பெயர் என்றாள். லீஹுவா யோசித்தாள்.

"உன் தெரு அவங்களுக்கு எதுக்கு?" என்றாள். "நீ அதை விட்டுட்டுத்தானே வர்றே."

ஜாஸ்மின் போனை வைத்தாள். வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. லீஹுவா சொன்னது காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. இவ்வளவு காலம் நம்பியதை ஒரு போன் பேச்சில் கழற்றி வைத்துவிட முடியுமா? தெரியாமல் கொடுக்கிறார்கள், தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் இப்போது புதிதாகப் பிடித்துக்கொண்டது. அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஆப் அதைச் சீனத்தில் எழுதிக்கொண்டே போனது.

"அம்மா, நான் ஜாஸ்மின். நான் கிறிஸ்டியன். எங்க தெருவுல இருக்கிறவங்களுக்கு எங்க ஊர்ல நெறைய பேரு வீடு தரமாட்டாங்க, எங்க ஜாதி அப்படி. நான் லெதர் ஷூ கம்பெனியில வேலை செஞ்சவ, துணியில இப்ப வாசனை இல்ல. மாட்டுக்கறி சாப்பிடுவேன். நான் ஒருத்திதான் வர்றேன். வீட்டுக்காரர் நல்லவரு, சண்டை போட்டுக்கிட்டு வரல. கொறட்டை விடுவேன்னு அவரு சொல்றாரு. இதெல்லாம் தெரிஞ்சி சரின்னா சொல்லுங்க. அப்புறமா தெரிஞ்சி காலி பண்ணச் சொன்னா அந்த ஊர்ல எனக்குப் போக்கிடம் இல்ல."

அனுப்பிவிட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் காய்ந்த துணியையெல்லாம் எடுத்தாள், மடித்தாள், பிரித்து மறுபடியும் மடித்தாள்.

சாயங்காலம் இன்பராஜ் வேலை முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. ஆப் அதைத் தன் வழக்கமான புத்தகத் தமிழில் கொடுத்தது. ஜாஸ்மின் நின்றபடியே படித்தாள்.

'எல்லாவற்றையும் படித்தேன். மாட்டிறைச்சி சூப் கடை எங்கள் தெரு முனையில் உள்ளது. விடியற்காலையில் திறப்பார்கள். வகுப்பு முடிந்ததும் அனைவரும் அங்கேதான் செல்வோம், நீங்களும் வாருங்கள். மாமரத்துப் பறவைகள் குறட்டையை விட அதிக சத்தம் செய்யும். உங்களிடம் ஒன்று கேட்க மறந்துவிட்டேன்.'

அதோடு நின்றிருந்தது. இன்னும் எழுதிக்கொண்டிருப்பதாக மூன்று புள்ளிகள் மட்டும் துடித்தன. வந்துவிட்டது, இதோ வரப்போகிறது என்று ஜாஸ்மின் நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

'உங்கள் பாதத்தின் நீளம் எவ்வளவு? வெளியே போடும் செருப்பை வீட்டுக்குள் போடமாட்டோம். உங்களுக்கு வீட்டுச் செருப்பு வாங்கி வைக்க வேண்டும். டிசம்பரில் தரை மிகவும் குளிரும்.'

அவள் அதை மறுபடி படித்தாள். எந்தெந்த நாட்டுக் கால்களுக்கோ ஆயுசில் பாதியைத் தைத்துக் கொடுத்தவள். அவளுடைய கால் எவ்வளவு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. தெருவோரக் கடையில் காலை நுழைத்துப் பார்த்து, கடிக்காவிட்டால் வாங்கிக்கொண்டு வருவாள், அவ்வளவுதான் அவளுக்கும் அவள் காலுக்கும் இருந்த பழக்கம். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் வந்தது அழுகை. தடுக்க அவளுக்குத் தோன்றவும் இல்லை.

"இன்னா ஆச்சு? இன்னா சொல்றாங்க?" என்று இன்பராஜ் பதறி எழுந்தான். அவள் போனை அவனிடம் நீட்டினாள்.

அவன் பதிலைப் படித்தான். பிறகு விரலால் மேலே தள்ளி, அவள் அனுப்பியதையும் தமிழில் படித்தான். எங்க தெருவுல இருக்கிறவங்களுக்கு என்ற இடத்தில் அவன் விரல் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது. அவளையே பார்த்தான். அவன் கண்ணும் நிறைந்துவிட்டது. தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

உள்ளே போய், கம்பெனியில் மாதிரி வெட்டுகிற கெட்டி அட்டை ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்தான். அட்டையைத் தரையில் போட்டுவிட்டு அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். ஜாஸ்மின் நாற்காலியை இழுத்தாள்.

"உக்காராத. உக்காந்துக்கிட்டு அளந்தா அளவு கம்மியாத்தான் வரும். நில்லு, எடைய முழுசா இந்தக் கால்ல போடு."

அவள் அட்டை மேல் வலது காலை வைத்தாள். எடையை மாற்றினாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதம்தான், ஆற்று மணலில் செய்கிற விதம். இடுப்பு தாழ்ந்தது, முட்டி லேசாக மடங்கியது, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல் போய்ச் சேர்ந்தது. பாதம் அட்டையில் அகலமாக விரிந்து பதிந்தது. இடது கால் தரையைத் தொட்டும் தொடாமலும் சும்மா இருந்தது. இத்தனை வருஷத்தில் இன்பராஜ் அதைக் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். பென்சிலை வைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குதிகாலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக, கோடு உடையாமல் வரைந்தான். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அசையாமல் நின்றாள்.

"அந்தக் காலு" என்றான். "ரெண்டும் ஒரே அளவு இருக்காது."

அதையும் வரைந்து முடித்து, ஸ்கேல் வைத்துப் பார்த்து, பெரிய காலின் அளவை அட்டை ஓரத்தில் எழுதினான். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அடித்துவிட்டு வேறொன்று எழுதினான்.

"அரை இன்ச்சு ஜாஸ்தியாவே சொல்லு" என்றான். "மூணு மாசமும் சாக்ஸ் போட்டுக்கிட்டுத்தான் நடப்ப."